காதில் எழுந்தருளிய தெய்வம்

செம்பியூரை ஆண்ட வீரகண்ட மகாராஜாவின் வலது காதில் மூன்று நாளாக ஏதோ ஒரு சத்தம். ராஜா உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். காது சிவந்து வலித்தது. பார்க்க வந்த வைத்தியரை அமைச்சர் அம்பலநாதர் கிட்டவே விடவில்லை.

"இது நோயில்லை மகாராஜா. குலதெய்வம் பேசுகிறாள். அந்தப் பாஷை எனக்குப் புரியும்" என்றார்.

தினமும் ராஜாவின் காதருகே காதை வைத்துக் கேட்டுச் சொன்னார். முதல் நாள் தெய்வம் அம்பலநாதரின் மைத்துனனைச் சேனாதிபதியாக்கச் சொன்னது. இரண்டாம் நாள் மருமகனுக்கு ஒரு கிராமம் கேட்டது. மூன்றாம் நாள் அரசவை விகடகவி கோனேரியை நாடு கடத்தச் சொன்னது.

நாடு கடத்தும் உத்தரவு ஓலையாகக் கோனேரி கைக்கு வந்தது. தெய்வம் இல்லை என்றால் நாக்கு போகும். பேசாமல் இருந்தால் ஊர் போகும். நேரே ராஜாவிடம் போய்க் கும்பிட்டான்.

"புறப்படுகிறேன் மகாராஜா. மனசில் ஒரே குறை. கோயில் அம்மனுக்கே தினம் எண்ணெய்க்காப்பு உண்டு. உங்கள் காதில் எழுந்தருளியவளுக்கு மூன்று நாளாக ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. கோபித்துக்கொள்ள மாட்டாளா?"

ராஜாவுக்கு முகம் வெளுத்தது. "ஏன் அமைச்சரே, இதை நீர் சொல்லவில்லையே?"

அம்பலநாதர் வாயைத் திறந்தார். தெய்வத்துக்கு எண்ணெய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மூடிக்கொண்டார்.

கோனேரி நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, புறங்கையில் விட்டுப் பார்த்தான். ராஜாவை ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சொட்டுச் சொட்டாகக் காதில் விட்டான். தெய்வம் ஒரு தரம் படபடவென்று அடித்துக்கொண்டது. அப்புறம் பேச்சில்லை. தலையை மறுபக்கம் சாய்த்ததும் எண்ணெயோடு ஒரு அந்துப்பூச்சி தட்டில் வந்து விழுந்தது.

ராஜா எழுந்து உட்கார்ந்து தட்டை அம்பலநாதர் பக்கம் நகர்த்தினார்.

"அமைச்சரே, இப்போது இது என்ன சொல்கிறது?"

அம்பலநாதருக்குப் பாஷை மறந்துபோயிருந்தது.

மூன்று நாள் உத்தரவுகளும் அந்த இடத்திலேயே ரத்தாயின. அமைச்சர் பதவியும் போயிற்று. ஆனாலும் ராஜாவுக்கு வெட்கம் தீரவில்லை. "பூச்சி பேச்சைக் கேட்டு நாட்டை ஆண்டவன் என்று ஊர் சிரிக்குமே, கோனேரி."

"பூச்சியைக் குறை சொல்லாதீர்கள் மகாராஜா. இத்தனை வருஷத்தில் உங்கள் காதுக்குள் புகுந்தவர்களில், வெளியே போக ஆசைப்பட்டது இது ஒன்றுதான்."

எண்ணெய் வழிந்த காதைப் பொத்திக்கொண்டு ராஜா சிரித்தார். சபையில் மற்றவர்கள் சிரிக்கக் கொஞ்சம் யோசித்தார்கள்.