பேச்சியின் நெஞ்சுப் பட்டை

தாமிரபரணிக்குத் தென்கரையில் ஒரு விளையாட்டு விடுதி. அங்கே ஓட்டப் பயிற்சி கொடுப்பவர் ஜெபசெல்வி. வயது நாற்பத்தொன்று. அதிகம் பேசமாட்டார்.

அவரிடம் தொழில் கற்க வந்தவர் மாசிலாமணி. பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் தானும் ஓடி, பிறரையும் ஓட வைத்து, ஓய்வு பெற்றவர். குருவைவிட ஆறு வயது மூத்த சிஷ்யர். அவர் குருவை ‘மேடம்’ என்பார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். இதில் இரண்டு பேருக்கும் கூச்சம் கிடையாது.

அந்த வருடம் விடுதிக்கு ஒரு கருவி வந்தது. நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டை, ஆளுக்கு ஒன்று. காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே மூன்று நிமிடம் கட்டிக்கொண்டால் செல்போனில் ஒரு எண் வரும்.

இதயம் கடிகாரம் மாதிரி துடிப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி மயிரிழை கூடும், மயிரிழை குறையும். நன்றாக ஓய்வெடுத்த உடம்பில் இந்தக் கூடுதல் குறைதல் அதிகம், எண்ணும் அதிகம். களைத்துப்போன உடம்பு, கவலைப்படுகிற உடம்பு என்றால் பட்டாளத்து அணிவகுப்பு மாதிரி ஒரே சீராகத் துடிக்கும். எண் விழுந்துவிடும். யார் ஓடலாம், யார் படுத்திருக்க வேண்டும் என்று இதை வைத்து ஓரளவு சொல்லலாம்.

மாசிலாமணிக்குக் கருவியை ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் பதினைந்து நாள் தன் நெஞ்சிலேயே கட்டிப் பார்த்தார். நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று வந்தது. பரம திருப்தி.

அந்த நேரம் பார்த்து ஜெபசெல்வி பயிற்சியாளர்களுக்கான வகுப்பு ஒன்றுக்கு வெளியூர் போனார். பொறுப்பு மாசிலாமணியிடம் வந்தது. அவர் பட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பலகை மாட்டினார். பெயருக்கு நேரே எண். நல்ல எண்ணுக்குப் பச்சைப் பொட்டு, மோசமான எண்ணுக்குச் சிவப்புப் பொட்டு. மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு வந்தால் மாநிலப் போட்டிப் பட்டியலிலிருந்து பெயர் வெட்டு. பட்டாளத்துக்காரர் அல்லவா! சட்டம் போடாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஜெபசெல்வி திரும்பினார். மாசிலாமணி நோட்டும் கையுமாக வாசலிலேயே நின்றார்.

“மேடம், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“ஓட்டத்தைக் கூட்டல. சாப்பாட்டைக் குறைக்கல. ஆனா ஓடுற பிள்ளைக பதினாலு பேருல பதிமூணு பேருக்கு எண் விழுந்துக்கிட்டே வருது. மிஷின் கெட்டுப்போச்சோ?”

“பதினாலாவது ஆள் யாரு?”

“நம்ம பேச்சி. எழுபதுக்குக் குறையவே மாட்டேங்குது. அடேங்கப்பா, அது இதயமா இரும்பா! நாளையிலிருந்து அவளுக்கு மட்டும் தினம் ரெண்டு கிலோமீட்டர் கூட்டலாம்னு இருக்கேன்.”

பேச்சியம்மாள் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். குச்சி உடம்பு. ஜூனியர் பிரிவில் ஓட அவளுக்கு வயது இந்த வருடத்தோடு முடிகிறது. போன வருடம் பட்டியலில் பெயர் இருந்தும், புறப்படும் நாளில் காய்ச்சல் வந்து போக முடியாமல் போயிற்று. இனி ஏழு வாரத்தில் வரும் போட்டிதான் அவளுக்குக் கடைசி. விடுதியில் எல்லாருக்கும் அது தெரியும். அவள் எதிரில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஜெபசெல்வி கூடத்துக்குள் போய்ப் பலகையைப் பார்த்தார்.

“கூட்டுறது இருக்கட்டும் அண்ணாச்சி. நாளைக்குக் காலைல நீங்க பட்டையைக் கட்டுங்க. எண்ணை இதே பலகையில எழுதுவேன். நாற்பதுக்குக் கீழ வந்துச்சுன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குக் கிளம்பிருங்க.”

மாசிலாமணி சிரித்தார். ஜெபசெல்வி சிரிக்கவில்லை.

“விளையாட்டுக்குத்தான சொல்றீங்க மேடம்?”

“நீங்க பிள்ளைகள்ட்ட விளையாட்டுக்கா சொன்னீங்க?”

மறுநாள் காலையில் மாசிலாமணி செல்போனோடு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“எத்தனை?”

“இருபத்திமூணு.”

“ராத்திரியெல்லாம் ஓடுனீங்களோ?”

“எங்க ஓட! கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்.”

“எதுக்கு?”

“எண் விழுந்துருமோன்னுதான்.”

“அப்போ மிஷின் கெட்டுப்போச்சா?”

மாசிலாமணி திரும்பிப் பலகையைப் பார்த்தார்.

“ரெண்டு வாரமா அது உங்களைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டு இருக்கு, அண்ணாச்சி.”

மாசிலாமணி போய் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார். பலகையைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தார். இறங்கியவருக்கு மனசு ஆறவில்லை. பட்டாளத்துக்காரர் லேசில் தோற்க மாட்டார்.

“சரி மேடம், ஒத்துக்கிடுதேன். ஆனா பேச்சியைப் பாருங்க. அவளும் இதே பலகையத்தான பார்த்தா? அவ பயப்படலையே! அப்படிப் பிள்ளைக்குக் கூட்டிக் கொடுத்தா என்ன?”

“அவளைக் கூப்பிடுங்க. பட்டையையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. கூடத்துல வேண்டாம், தண்ணித் தொட்டிப் பக்கம்.”

பேச்சி பட்டையோடு வந்தாள்.

“கட்டு” என்றார் ஜெபசெல்வி.

“இப்பவா மேடம்?”

“சட்டைக்கு மேலேயே கட்டு. போதும்.”

பேச்சி பட்டையைச் சுற்றிக் கொக்கியை மாட்டினாள். கையை எடுத்தாள். பட்டை வழுக்கிக்கொண்டு இடுப்பில் வந்து நின்றது. சட்டென்று அதைப் பிடித்து மேலே இழுத்தாள். விட்டதும் மறுபடியும் இறங்கியது.

“பட்டை தொளதொளன்னு ஆயிருச்சு மேடம்.”

“புதுப் பட்டைல்லா. அது யாரோட அளவு?”

பேச்சி தலையைக் குனிந்தாள்.

அடுத்த கட்டில் ரகுமத்து. ஓட்டக்காரி இல்லை, குண்டு எறிகிறவள். நல்ல வாட்டசாட்டம். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். தினமும் காலையில் ரகுமத்து தன் பட்டையைக் கழற்றியதும் பேச்சியின் பட்டையையும் கட்டிக்கொள்வாள். பெண்கள் அறைக்குள் மாசிலாமணி போக முடியாது. அவருக்கு எண் மட்டும் செல்போனில் வந்து சேரும். பாவம், அதற்குத்தான் அவர் இத்தனை நாள் பச்சைப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

“என்னையே ஏமாத்திட்டியே புள்ள!”

“என் எண் முப்பதைத் தாண்டல சார். சிவப்பு வந்தா பேரை வெட்டிருவீங்கல்லா?”

மாசிலாமணி கையிலிருந்த நோட்டை மூடினார்.

ஜெபசெல்வி பேச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலது காலை ஏன் ஊனாம நிக்க?”

அவ்வளவுதான். பேச்சி உடைந்து அழுதாள்.

“முழங்காலுக்குக் கீழ, முன்னெலும்புல வலிக்குது மேடம். பத்து நாளாச்சு. சொன்னா போட்டிக்கு விடமாட்டீங்கன்னு...”

அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். எலும்பு விரிசல் விடத் தொடங்குகிற கட்டம் என்றார் டாக்டர். இந்தக் காலோடு இன்னும் ஒரு வாரம் கூடுதலாக ஓடியிருந்தால் எலும்பு உடைந்திருக்கும், இந்த வருடம் முழுக்க ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். மூன்று வாரம் ஓடக் கூடாது. அதற்கப்புறமும் வலி துளிகூட இல்லையென்றால்தான் ஓடலாம்.

மாசிலாமணிக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தார். பயந்துபோயிருந்தார்.

“மேடம், பட்டியல்ல அவ பேரு...”

“இருக்கட்டும்.”

“பட்டையெல்லாம் திருப்பி வாங்கிப் பூட்டி வச்சிரட்டுமா?”

“அது என்ன பாவம் பண்ணுச்சு? கட்டட்டும். எண்ணை நீங்களும் நானும் பார்ப்போம், போதும்.”

அன்றைக்குப் பிறகு மாசிலாமணி காலையில் மைதானத்து வாசலில் நின்றார். ஒவ்வொருவராக வரும்போது, தூங்கினியா, சாப்பிட்டியா, எங்கயாவது வலிக்குதா என்று கேட்டார். முதல் வாரம் எல்லாரும் “நல்லாயிருக்கேன் சார்” என்றார்கள். ஒரே சீராக, அணிவகுப்பில் சொல்வது மாதிரி சொன்னார்கள். அவர் விடாமல் கேட்டார்.

மூன்று வாரம் முடிந்த அன்று பேச்சி ஷூவைக் கட்டிக்கொண்டு வந்தாள். காலையில் வந்த எண் அறுபத்தெட்டு. இந்தத் தடவை அவளுடைய சொந்த எண். போட்டிக்கு இன்னும் நான்கு வாரம். மற்றவர்கள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

“எண் ஜோரா இருக்கு புள்ள. வலி இருக்கா?”

பேச்சி ஓடுதளத்தைப் பார்த்தாள். “இல்லை” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓடலாம். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இருக்கு சார். கொஞ்சமா இருக்கு.”

“சரி, உட்காரு.”

பேச்சி புல்லில் உட்கார்ந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.

மாசிலாமணி நோட்டோடு ஜெபசெல்வியிடம் போனார்.

“மேடம், எண் அறுபத்தெட்டு. அதைப் பார்த்தா இன்னைக்கு ஓட விடலாம். ஆனா வலி இருக்குங்கா. நான் கண்டுபிடிக்கல, அவளாத்தான் சொன்னா. நோட்டுல எதை எழுத?”

“அவ சொன்னதை எழுதுங்க அண்ணாச்சி. எழுதிட்டு, உங்க பேருக்கு நேரா ஒரு பச்சைப் பொட்டு வச்சுக்கோங்க.”