புகை தின்னும் தண்ணீருக்கு இஞ்சிச் சாறு

இந்தக் கதையில் முட்டாள்கள் மூன்று பேர். இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிடலாமா என்று பார்த்தேன். மூன்றாவது யார் என்று நீங்கள் கேட்பீர்கள். நான்தான்.

நாங்கள் மூவரும் அனல்மின் நிலையத்து கேன்டீனில் வேலை பார்த்தோம். ஏகாம்பரம் அண்ணன் டீ மாஸ்டர். பவுனு அக்கா சாம்பாரும் ரசமும். நான் காய் நறுக்குவேன், மீதி நேரம் கவலைப்படுவேன். கேன்டீனை ஒரேயடியாக மூடியதும், புகைபோக்கிக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பிய இரண்டு கோபுரங்களைப் பார்த்துக்கொள்ள எங்களை அனுப்பினார்கள்.

இஞ்சினியர் பரிதி தம்பி நல்ல பிள்ளை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று தெரிந்து, புரிகிற மாதிரி சொன்னார்.

“அக்கா, முதல் கோபுரத்துல மேலேருந்து ஒரு மருந்துத் தண்ணி விழும். அதுக்கு அகோரப் பசி. புகையில இருக்கிற கரியமில வாயுவை மட்டும் பொறுக்கித் தின்னும். வயிறு ரொம்பினதும் ரெண்டாவது கோபுரத்துக்குப் போகும். அங்க நீராவிச் சூடு பட்டா, தின்னதைக் கக்கிடும். அதை நாம சிலிண்டர்ல பிடிச்சுக்குவோம். தண்ணி மறுபடி பசியோட திரும்பிடும். நூறு பங்குல எத்தனை தின்னுதுன்னு இந்த முள் காட்டும். நாலு மணிக்குப் பெரிய அதிகாரி வர்றார். முள் தொண்ணூறுல நிக்கணும். இல்லேன்னா கோபுரத்தையும் மூடிடுவாங்க, உங்க மூணு பேர் வேலையும் போயிடும். தண்ணியை நல்லாப் பார்த்துக்குங்க.”

சொல்லிவிட்டு அதிகாரியை அழைத்துவரப் போய்விட்டார். முள் தொண்ணூறில் நின்றது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

“என்னடி அநியாயம் இது?” என்றாள் பவுனு அக்கா. “வயிறாரத் தின்னுட்டு வந்ததைச் சூடு போட்டுக் கக்க வைக்கிறதா? முப்பது வருஷமா பந்தி பரிமாறுறேன். ஒரு ஆளையாவது அப்படிச் செஞ்சிருக்கேனா?”

“பாவம்க்கா,” என்றேன்.

“நல்லாப் பார்த்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரு,” என்று ஏகாம்பரம் அண்ணன் எழுந்துபோய் நீராவிச் சக்கரத்தை இறுக்கி மூடினார்.

முள் எழுபதுக்கு இறங்கியது. பிறகு நாற்பது. இரண்டு மணிக்குப் பன்னிரண்டு. நான் அண்ணனிடம் ஓடினேன்.

“சாப்பிட மாட்டேங்குதே அண்ணே!”

“செரிக்கலை. மந்தம்,” என்றார் அண்ணன், நாடி பிடித்துப் பார்த்தவர் மாதிரி.

ஒரு தூக்குச்சட்டி நிறைய இஞ்சிச் சாறு பிழிந்து தொட்டியில் ஊற்றினோம். பவுனு அக்கா தொட்டியின் வயிற்றை நீவிக்கொடுத்தாள். சற்று நேரத்தில் மீன் கழுவிய தண்ணீர் வாடையோடு நுரை கிளம்பியது. தொட்டி வழிந்து, தரை வழிந்து, எங்கள் கணுக்காலுக்கு வந்தது.

“பால் பொங்கினா என்ன செய்வோம்?” என்றார் அண்ணன்.

“அடுப்பை அணைப்போம்,” என்றாள் அக்கா.

“அதான் அப்பவே அணைச்சாச்சே!”

நுரைக்குள் நின்றபடி மூவரும் யோசித்தோம். வழி கண்டுபிடித்தது நான்தான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். “அணைக்கணும்னா முதல்ல எரியணும். ஒருதடவை நல்லாத் திறந்துட்டு அப்புறம் மூடுவோம் அண்ணே.”

“படிச்சவ படிச்சவதான்,” என்றாள் அக்கா.

அண்ணன் சக்கரத்தை முழுக்கத் திறந்தார். மறுபடி மூடக் கை வைத்தால், சக்கரம் கொதிக்கிறது. தொட முடியவில்லை. ஆறட்டும் என்று விசிறிக்கொண்டு நின்றோம். முள் என்னவோ முப்பது, அறுபது, எண்பது என்று ஏறிக்கொண்டே போனது. ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

நாலு மணிக்கு அதிகாரி நுரையில் கால் வைத்து வந்தார். முள் எண்பத்தொன்பது.

“ஒண்ணு குறையுதே,” என்றார்.

பரிதி தம்பி முகம் வெளுத்தது. நான் ஒரு பெருமூச்சு விட்டேன்.

அதிகாரி சிரித்தார். “நீங்க விடுற மூச்சும் கரியமில வாயுதாம்மா. குறையற அந்த ஒண்ணு இதுதான் போல. சரி, ஒரு மாசம் பார்ப்போம். தொண்ணூறு நிக்கணும்.”

அவர் தலை மறைந்ததும் பவுனு அக்கா என் பக்கம் திரும்பினாள். “கேட்டியாடி? எல்லாம் உன்னாலதான்! கேன்டீன்லயே சொன்னேன், இப்படிப் பெருமூச்சு விடாதேன்னு!”

அன்றே, புகை உள்ளே போகும் குழாயில் இருந்த ஒரு சின்ன மூடியைத் திறந்து, அதற்கு நேராக எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். பெருமூச்சு வரும்போதெல்லாம் அதற்குள் ஊதினேன். முள் தொண்ணூறைவிட்டு இறங்கவில்லை. பரிதி தம்பி நீராவிச் சக்கரத்தைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டியதும் அன்றுதான். ஆனால் ஊதியது நான்.

நேற்று எங்கள் வேலையை நிரந்தரமாக்கி உத்தரவு வந்தது. என் கவலையெல்லாம் ஒரே நாளில் தீர்ந்தது. காலையிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு பெருமூச்சுகூட வரவில்லை. இனி எதை ஊதுவது? முள் இறங்கிவிடுமே, வேலை போய்விடுமே என்று நினைத்தேன்.

வந்தது பாருங்கள் ஒன்று! சிந்தாமல் குழாய்க்குள் ஊதிவிட்டேன்.