மூன்றாம் வளைவில் வெளிச்சம்

நெட்டூற்று மலைக்குத் தார்ச்சாலை கிடையாது. கல்லும் சகதியுமாக ஏறும் அந்தத் தடத்தில் ஜீப் ஓட்ட விரும்புகிறவர் எவராயினும் எஸ்தரிடம் ஆறு மாதம் பயின்றாக வேண்டும். எஸ்தருக்கு நாற்பத்து மூன்று வயது; பேச்சு குறைவு. ஓட்டுநர்கள் அவரை டீச்சர் என்றே அழைத்தார்கள்.

ஒச்சப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். சமவெளியில் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டிய பின் மலைக்கு வந்து அவரிடம் பயின்றவர். ஒரு மாலை அட்டைப்பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு எஸ்தரின் கொட்டகைக்கு வந்தார்.

“பெட்டியில என்னண்ணே?”

“எல்இடி லைட்டு, டீச்சர். நாலு. ஒவ்வொண்ணும் பன்னெண்டாயிரம் லூமன் வெளிச்சம்.”

“உங்க ஜீப் கூரையில ஏற்கெனவே ஒரு நீள லைட்டு இருக்கே.”

“அது பத்துமான்னு பயமா இருக்கு. லூர்து போனதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

லூர்துவும் எஸ்தரிடம் பயின்றவன்தான். பதினேழு நாட்களுக்கு முன், இருட்டும் நேரத்தில் மலையேறி வந்தவன், மூன்றாம் வளைவில் ஜீப்போடு பள்ளத்தில் விழுந்து இறந்தான். அப்போது எதிரே இறங்கி வந்தவர் ஒச்சப்பன். கண்ணால் கண்ட சாட்சி அவர் ஒருவரே.

“அவன் வண்டியில பழைய மஞ்ச பல்பு. மின்மினிப்பூச்சி மாதிரி. எனக்கு ரோடு பட்டப்பகலாத் தெரிஞ்சுச்சு, அவனுக்குத் தெரியல. வெளிச்சம் பத்தாமத்தான் செத்தான். சொல்லுங்க டீச்சர், இந்த மலைக்கு எவ்வளவு வெளிச்சம் போதும்?”

எஸ்தர் பெட்டியைத் திறக்கவில்லை.

“இறங்கி வர்றவர் என்ன செய்யணும்?”

“ஏறுறவனுக்கு ஒதுங்கி நிக்கணும். ஏத்தத்துல அவன் நின்னா டயருக்கு அடியில கல்லு வழுக்கும். நின்னேன். நீங்க சொல்லிக் கொடுத்தபடி நின்னேன்.”

“நின்னு?”

“லைட்டை அணைக்கணும். அன்னைக்கு அணைக்கல. பாவம், மின்மினியை வச்சுக்கிட்டு ஏறுறான், அவனுக்கும் சேத்து நாமளே வெளிச்சம் காட்டுவோமேன்னு எல்லாத்தையும் எரிய விட்டேன். ஆரன் அடிச்சுக்கிட்டே வந்தான். நன்றி சொல்றான்னு நெனச்சேன்.”

எஸ்தர் வண்டி இழுக்கும் கயிற்றை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“உங்க வண்டியை எடுங்க.”

மூன்றாம் வளைவை அடைந்தபோது வெயில் மலைக்குப் பின்னே போய்விட்டது. ஒச்சப்பனின் ஜீப்பை வளைவுக்கு மேலே கொண்டுபோய், கீழே பார்க்கத் திருப்பி நிறுத்தச் சொன்னார் எஸ்தர். இருவரும் வளைவுக்குக் கீழே இறங்கி நடந்தார்கள். மலைப்பக்கத்து மரமொன்றில் எஸ்தர் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினார். மறுமுனையை ஒச்சப்பனின் இடுப்பில் கட்டினார்.

“என்ன டீச்சர், சந்தைக்கா ஓட்டிட்டுப் போறீங்க?”

“விலை போக மாட்டீங்க. நான் மேல போறேன். இருட்டினதும் வண்டிக்கிட்ட நடந்து வாங்க.”

“இந்த வளைவு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.”

எஸ்தர் ஏறிப் போனார்.

நன்றாக இருட்டியது. ஒச்சப்பன் நடந்தார். ஐந்தாறு அடி வைத்திருப்பார். மேலே விளக்கு எரிந்தது.

எல்லாம் வெள்ளையாயிற்று. தடம் இல்லை, மலை இல்லை, பள்ளம் இல்லை. குனிந்தால் தம் கால்களையே காணவில்லை. உள்ளங்கையால் கண்ணை மறைத்தார். விரலிடுக்கில் வெளிச்சம் புகுந்தது.

“டீச்சர், லைட்டு!” என்று குரல் கொடுத்தார். மீண்டும் கொடுத்தார்.

“கேக்குது அண்ணே,” என்றது எஸ்தரின் குரல். “என்ன, நன்றியா?”

ஒச்சப்பன் அசையாமல் நின்றார்.

“நிக்கக் கூடாது. ஏத்தம். கல்லு வழுக்கும்.”

அவருக்குத் தெரிந்தது அந்த விளக்கு ஒன்றுதான். அதை நோக்கியே நடந்தார். நேராகத்தான் நடந்தார். ஏழு அடி. எட்டு. ஒன்பதாவது அடியில் இடுப்புக் கயிறு வெடுக்கென்று இறுகி அவரைப் பிடித்து நிறுத்தியது. முன்வைத்த காலுக்குக் கீழே தரை இல்லை. பெயர்ந்த கற்கள் உருண்டன. அவை அடியில் போய் விழுந்த ஓசை வெகுநேரம் கழித்தே கேட்டது.

விளக்கு அணைந்தது.

கண் பழகச் சற்று நேரமாயிற்று. முதலில் நட்சத்திரங்கள் தெரிந்தன. பிறகு மலையின் விளிம்பு. பிறகு, இடப்புறமாகத் திரும்பி ஏறும் தடம், மங்கலாக, ஆனால் முழுவதுமாக. அவர் அதில் நிற்கவில்லை.

தவழ்ந்து வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். எஸ்தர் இறங்கி வந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். கயிறு இறுகிப் போயிருந்தது; நேரம் பிடித்தது.

“அவனுக்கு வழி தெரியட்டும்னுதான் டீச்சர் எரிய விட்டேன்.”

“தெரியும்.”

“என்னை ஏதாவது சொல்லுங்க.”

எஸ்தர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

“காலையில லூர்து பொண்டாட்டி வந்திருந்தா. நீங்க கேட்டதையேதான் அவளும் கேட்டா. எவ்வளவு வெளிச்சம் இருந்திருந்தா எம்புருஷன் பிழைச்சிருப்பாருன்னு. நீங்கதான் பக்கத்துல இருந்தவர். நாளைக்கு உங்ககிட்டயே வந்து கேக்கச் சொல்லியிருக்கேன்.”