நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு கொக்கி

தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு வாசகரையே சேர்ந்ததாகையால், இவ்வழக்கைச் சற்று நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன்.

உடுமலையில் தெய்வசிகாமணி என்பவர், தம் தகப்பனார் வாங்கிய பழைய பிக்கப் வண்டியைக் கண்ணெனப் பேணி வந்தார். பேரப்பிள்ளைகளைத் தோப்புக்கு அழைத்துச் செல்ல, அதன் பின்னால் சிறு டிரெய்லர் ஒன்றை இணைக்க விரும்பினார். கொக்கி வெளியே தெரியலாகாது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னே மறைந்திருக்க வேண்டும். அடிச்சட்டமாகிய சேசிஸில் ஒரு துளைகூட விழலாகாது. ஏனெனில், அடிச்சட்டம் மாறாத பழைய வாகனங்களுக்கான கண்காட்சியில் அவ்வண்டி அடுத்த வாரம் நிற்கவிருந்தது.

“கொக்கி வேணும், கண்ணுல படக்கூடாது, துளையும் போடக்கூடாது. அப்ப மாவுப்பசை போட்டு ஒட்டிரட்டுங்களா?” என்றார் பட்டறை மேஸ்திரி சூசைமாணிக்கம்.

“ஒட்டுவியோ கட்டுவியோ, துளை விழாதுன்னு என் கையில அடிச்சுச் சொல்லு.”

மேஸ்திரி கையில் அடித்தார். துளையின்றிக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பு வைத்துக் கொக்கியை இறுக்கினார். ஆனால் மணல் மூட்டை ஏற்றிய டிரெய்லரை மாட்டி இழுத்துப் பார்த்தபோது, கிளாம்பு ஒரு விரற்கடை வழுக்கியது. வேலையைப் பார்க்க வந்திருந்த தெய்வசிகாமணியின் மனைவி மயிலாத்தாள் அதைக் கண்டு பதறினார்.

“அதுல உக்காரப்போறது எம் பேரப்புள்ளைக, மேஸ்திரி. துளை போட்டே முடுக்கிருங்க. அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“சொல்லிருவீங்கல்ல, அம்மணி?”

“சொல்றேன்.”

மேஸ்திரி நான்கு துளையிட்டு, போல்ட்டுகளை முடுக்கி, மேலே கறுப்புப் பெயிண்ட் பூசினார்.

மயிலாத்தாள் நாள்தோறும் சொல்ல வாயெடுத்தார். கணவரின் பூரிப்பைக் கண்டு ஒத்திப்போட்டார். கண்காட்சி நாளன்று வண்டிக்குக் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. புறப்படுகிற நேரத்தில் குறை சொன்னால் அபசகுனம் என்று நாவை அடக்கிக்கொண்டார்.

மைதானத்தில் ஊரார் சூழ்ந்திருக்க, வண்டிகளைச் சோதித்து வந்த தேர்வாளர், “அடிச்சட்டத்துல கை வெச்சிருக்கீங்களா?” என்று வினவினார்.

“எங்கப்பா மேல சத்தியமா, ஒரு துளை கெடையாதுங்க.”

தேர்வாளர் வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்தார். “இங்க நாலு இருக்குதே!” என்றார்.

“அப்பனையே அடமானம் வெச்சுட்டாரப்பா!” என்று கூட்டத்தில் எவரோ சிரித்தார்.

தெய்வசிகாமணி தாமும் குனிந்து வண்டிக்கடியில் பார்த்தார். மயிலாத்தாள் முன்வந்து, “நாந்தான் போடச் சொன்னேன். அவருக்குத் தெரியாது” என்று அனைவரும் கேட்கக் கூறினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த மேஸ்திரியோ, முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின் ஒதுங்கினார்.

அன்று மூவருமே தலைகுனிந்து வீடு திரும்பினர். வண்டிக்கடியில் பார்க்காமலே சத்தியம் செய்தவர். சொல்வதாக ஏற்றும் சொல்லாதிருந்தவர். கொடுத்த வாக்கை மீறியவர். இம்மூவரில் அதிகம் வெட்கப்பட வேண்டியவர் யார்?

என்னைக் கேட்டால், விடை: மேஸ்திரியே. துளையிட்டதற்காக அல்ல; அது பிள்ளைகளின் உயிருக்குக் காவல். தெய்வசிகாமணி தாம் நம்பியதைச் சொன்னார். மயிலாத்தாள் பிந்தியேனும் சபையில் ஒப்புக்கொண்டார். வாக்களித்தவர் மேஸ்திரி, அது முறிந்ததென்று சொல்லும் கடமையும் அவருடையதே. மறுநாள் அவர் தெய்வசிகாமணியின் வாசலுக்குச் சென்று, “தப்பு என்னுதுங்க” என்றார். கிடைத்த பதில் இதுதான்: “அதை நேத்து அங்க சொல்லியிருக்கோணும், மேஸ்திரி. என் பொண்டாட்டியத் தனியா நிக்க விட்டுட்டியே.”