பச்சைத் தரை

“கடலை நிறுத்த என்ன வழி, சொல்லுங்கம்மா” என்று கேட்டார் வைரக்கண்ணு.

சம்பூரணம் ஆற்று முகத்துவாரச் சேற்றில் கையை விட்டு மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எந்தக் கடலை?”

“என் வீட்டைத் தின்ன கடலை.”

வைரக்கண்ணு ஊருக்கு நாட்டார். இருநூறு மீனவக் குடும்பங்களுக்கு அவர் சொல்தான் முடிவு. வயது அறுபதை நெருங்கியிருந்தது. சம்பூரணத்துக்கு நாற்பது இருக்கலாம். ஆனாலும் மூன்று வருஷமாக, மனசு கலங்கும்போதெல்லாம் அவர் அவளிடம்தான் வந்தார். வந்து மணலில் உட்காருவார். சில நாள் அவள் பேசுவாள். சில நாள் மட்டியைக் கழுவித் தரச் சொல்லுவாள். இரண்டிலும் அவருக்குத் தெளிவு கிடைத்தது.

அவளுடைய கீற்றுக் குடிசை அந்த முகத்துவாரத்திலேயே இருந்தது. தண்ணீர் நெருங்கினால் அவிழ்த்துப் பின்னால் கொண்டுபோய்க் கட்டுவாள். இதுவரை பதினோரு தடவை.

ஊரில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சம்பூரணம் வீட்டுக்கு விலாசம் கிடையாது, போய்ச் சத்தம் கொடுத்தால் எங்கிருந்தாவது பதில் வரும் என்பார்கள்.

“நாலு வழி சொல்றாங்கம்மா. வெள்ளிக்கிழமை ஆபீசருங்க வர்றாங்க. எது வேணும்னு நான் சொல்லணும்.”

“எனக்குச் சொல்லுங்க நாட்டாரே.”

“கரை நெடுகக் கல்லைக் கொட்டிச் சுவர் வைக்கிறது ஒண்ணு.”

“படகை எங்க ஏத்துவீங்க?”

“அதான் வேணாம்னுட்டோம். ரெண்டாவது, கடலுக்குள்ளேர்ந்து மணலை அள்ளியாந்து கரையில கொட்டுறது.”

“கொட்டினது நிக்குமா?”

“ரெண்டு மழைக்காலம் தாங்குமாம். பிறகு திரும்பக் கொட்டணும். யாரு கொட்டுவா? மூணாவது தூண்டில் வளைவு. கரையிலேர்ந்து கடலுக்குள்ள, கை நீட்டுற மாதிரி கல்லைப் போட்டுக்கிட்டே போறது. ஓடுற மணலை அது மறிச்சுப் பிடிச்சுக்கும். ரெண்டு வருஷத்துல பழைய கரை வந்துடும். ஊரே அதைத்தான் கேக்குது.”

“நாலாவது?”

வைரக்கண்ணுவுக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

“முன்வரிசை வீடுங்களைப் பிரிச்சு, பின்னால சவுக்குத் தோப்போரம் கட்டிக்கிறது. முன்னாடி இருக்கிற மணல் மேட்டுல அடம்பங்கொடி படர விட்டுட்டு, கடல் வந்து போக இடம் விடுறது. கூட்டத்துல ஒருத்தன் எழுந்திரிச்சுக் கேட்டான், ஆபீசரும் சம்பூரணமும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சாங்களான்னு. அரை மணி நேரம் சிரிப்பு அடங்கலை.”

சம்பூரணமும் சிரித்தாள்.

“அப்ப முடிவாயிடுச்சே. என்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

“தூக்கம் வரலைம்மா.”

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“எட்டு வருஷம் முந்தி தெற்கே துறைமுகத்துக்குக் கல் போட்டானுங்க, படுபாவிங்க. அதுலேர்ந்துதான் நம்ம கரை கரையுது. அவனுங்க கரை மட்டும் மைதானம் மாதிரி கிடக்கு. அதை நினைச்சா வயிறு எரியுது.”

“உங்க வீட்டுத் தரை என்ன நிறம்?”

“பச்சை. ஊர்லயே பச்சைச் சிமெண்டுத் தரை எங்க வீடு ஒண்ணுதான். போன கார்த்திகைப் புயல்ல எல்லாம் போச்சு.”

“அதை எடுத்துக்கிட்டு வாங்க. பேசலாம்.”

மறுநாள் அவர் தம் வீடு இருந்த இடத்துக்குப் போனார். முழங்கால் தண்ணீரில் துழாவி, உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டைக் கண்டெடுத்தார். கழுவினார். பச்சை இன்னும் பளபளத்தது. மடியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்.

சம்பூரணம் அதன் ஓரத்தை விரலால் தடவினாள். கூராக இருந்தது.

“இது இன்னும் போகாத தரை” என்று சொல்லி, ஆடிக்கொண்டிருந்த தண்ணீர்ப் பானைக்கு அதை அண்டை கொடுத்தாள். “நான் கேட்டது போன தரை.”

“போனது எங்க போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நாளைக்கும் ஒரு நாள் இருக்கே” என்றாள் அவள்.

வியாழக்கிழமை, கிழக்கு வெளுக்கும்போது வைரக்கண்ணு வடக்கே நடக்கத் தொடங்கினார்.

ஏன் வடக்கே என்று அவர் யோசிக்கவில்லை. ஆடி மாதத்துச் சோழகக் காற்று தெற்கிலிருந்து அடித்து, முதுகில் கை வைத்துத் தள்ளியது. கால் அதன் வழியே போனது.

கரையெங்கும் உப்புப் புகை. முன்னால் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அலை ஏறித் திரும்பும்போது, மெல்லிய தண்ணீருக்கு அடியில் மணல் நகர்ந்தது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு சாண் வடக்கே. அடுத்த அலைக்கு இன்னொரு சாண். ஐம்பது வருஷமாக இந்தக் கரையில் நடந்தவர், மணலும் தம்மோடு நடப்பதை அன்றுதான் பார்த்தார். உற்றுக் கேட்டால் அதற்கு ஒரு சத்தமும் இருந்தது. உறங்குகிற வீட்டில் யாரோ அரிசி களைவது போல.

அப்போது கண்ணில் பட்டது ஒரு பச்சைத் துண்டு. முனை மழுங்கியிருந்தது.

இன்னும் கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. புளியங்கொட்டை போல வழவழவென்று.

பிறகு அவர் கடலைப் பார்க்கவில்லை, நேரத்தையும் பார்க்கவில்லை. பச்சையிலிருந்து பச்சைக்கு நடந்தார். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறிது, உருண்டை. தாம் நடக்கிறோமா, தம் வீடு தம்மை இழுத்துக்கொண்டு போகிறதா என்று தெரியவில்லை. ஒரு ஒற்றைப் பனைமரம் வந்தது, போனது. ஒரு கோயில் கொடி புகைக்குள் ஆடியது. நாய் ஒன்று கூடவே வந்து, எல்லை முடிந்ததும் நின்றுகொண்டது.

புகை விலகியபோது எதிரே ஒரு வீடு. கடலைப் பார்த்த முதல் வீடு. வாசலில் அடம்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருந்தது. கொடியைச் சுற்றி, பாத்தி கட்டினது போல, வரிசையாகப் பச்சைக் கற்கள். கோலிக்குண்டு அளவில். நூறு இருக்கும்.

“அப்பா! என்ன சொல்லாம கொள்ளாம?”

அவருடைய மகள் தையல்நாயகி. வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம்.

அவர் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஏதும்மா?”

“கடல் கொண்டாந்து போடுதுப்பா. நம்ம வீட்டுத் தரைதானே? நான் தவழ்ந்த தரை, எனக்குத் தெரியாதா? வைகாசியிலேர்ந்து வருது. காலையில வாசல் தெளிக்க வந்தா ஒண்ணு ரெண்டு கிடக்கும். அப்பா வந்துட்டுப் போயிருக்காருன்னு இவர்கிட்ட சொல்லுவேன். இவர் சிரிப்பார்.”

அவள் சொம்பில் மோர் கொண்டுவந்தாள். அவர் படியில் உட்கார்ந்தார். அந்தப் படிக்கும் அலைக்கும் நடுவே முப்பதடி மணல்தான் இருந்தது. கல்யாணத்தன்று அதில் பந்தல் போட்டு, இரண்டு ஊரும் உட்கார்ந்து சாப்பிட்டது அவருக்கு நினைவிருந்தது.

“எவ்வளவு குறைஞ்சு போச்சு!”

“ஆமாம்ப்பா. முன்ன மாதிரி மணல் வரலை. இப்ப என்னன்னா, தெற்கே யாரோ இன்னும் கிட்டத்துலயே கல் போடப் போறாங்களாம். போட்டா அடுத்த கார்த்திகைக்கு இந்த வீடு நிக்காதுன்னு இவர் சொல்றார்.” அவள் அவர் கையிலிருந்து காலிச் சொம்பை வாங்கினாள். “நீங்க நாட்டார் ஆச்சே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. யாருப்பா அது?”

நாளைக்கு அவர் ஆபீசரிடம் கேட்க இருந்த கல் அது.

“விசாரிக்கிறேன்மா” என்றார்.

எழுந்தபோது ஒரு கல்லை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திரும்பவும் அது இருந்த இடத்திலேயே வைத்து, சுற்றிலும் மணலைக் கூட்டி அமுக்கினார்.

எதிர்க்காற்றில் திரும்பி நடக்க இரண்டு மடங்கு நேரமானது. முகத்துவாரத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தண்ணீர் குடிசைக்கு நாலடியில் நின்றது. சம்பூரணம் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாவது தடவை.

“போன தரை கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“எங்க?”

அவர் கையை விரித்தார். வெறுங்கை.

“அது அங்கயே இருக்கட்டும்மா.”

அவள் சரி என்று தலையசைத்து, அடுப்புக் கற்களைத் தூக்கி வைத்தாள். கடைசியாகப் பானையையும், அதற்கடியில் இருந்த பச்சைத் துண்டையும் எடுத்தாள்.

“நாளைக்கு ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கும்” என்றார் வைரக்கண்ணு.

“சிரிக்கும்.”

“முன்வரிசைக்காரங்க சண்டைக்கு வருவாங்க.”

“வருவாங்க.”

அலை ஒன்று வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. குதிகாலுக்கு அடியில் மணல் வடக்கே நழுவியது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். குடிசையைச் சுற்றி ஒரு தடவை நடந்து, ஒவ்வொரு கட்டாகப் பார்த்தார்.

“எதை முதல்ல அவுக்கணும்?”

“கடலைப் பாத்த முடிச்சை” என்றாள் சம்பூரணம்.