ஜமீன்தாரின் யானை

மலைக்காட்டை வெட்டி விற்க வேண்டும் என்று ஒரு ஜமீன்தாருக்கு ஆசை வந்தது. காடு போனால் ஆறும் வற்றிவிடும் என்று ஊரார் கோடாலிக்காரர்களை மறித்து நின்றார்கள். அவர் எல்லோரையும் அரண்மனை வாசலில் கூட்டினார்.

"மலை என்னுது! அதுல பிறக்கிற ஆறு என்னுது! அங்கே நடமாடுற புழு பூச்சிகூட என்னுது! இல்லைங்கிறவன் முன்னால வா!"

தொழுவம் கூட்டுகிற ஒச்சம்மாள்தான் முன்னால் வந்தாள். கும்பிட்டுச் சொன்னாள்: "ரொம்ப சந்தோஷம் சாமி. உடையவங்க யாருன்னு தெரியாமத்தான் தவிச்சோம். மலையை விட்டு இறங்கின உங்க யானை நேத்துலயிருந்து என் வாழைக்குள்ள படுத்திருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க."

ஊராருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"உங்க குரங்கு என் வேட்டியைக் கட்டிக்கிட்டு மரத்துல உட்கார்ந்திருக்கு. இறங்கச் சொல்லுங்க சாமி," என்றார் வண்டிக்கார மொக்கையன்.

"போன மழைக்கு உங்க ஆறு எங்க அடுப்படிக்கே வந்துருச்சு. இனிமே வாசல்லயே நிக்கச் சொல்லுங்க," என்றாள் அவர் மனைவி.

பேச்சோடு பேச்சாக ஜமீன்தாரை வாழைத்தோட்டத்துக்கே நடத்திக்கொண்டு போய்விட்டார்கள். யானை எழுந்து நின்று காதை விசிறியது.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சாமி!" என்றார்கள் ஊரார்.

ஜமீன்தார் ஈர வரப்பில் உருண்டு விழுந்து கத்தினார்: "என்னுது இல்லை! மலை, ஆறு, அதுல உள்ள சகலமும் ஊருக்குத்தான்!"

கோடாலிக்காரர்கள் அப்போதே மூட்டை கட்டினார்கள்.

எழுந்த ஜமீன்தாரின் கெண்டைக்காலில் ஓர் அட்டை கடித்துத் தொங்கியது. "பிடுங்கிப் போடுடி!" என்று அலறினார்.

ஒச்சம்மாள் குனிந்து பார்த்தாள்.

"இது ஊர்ச் சொத்தாச்சே சாமி. கூட்டம் போட்டுக் கேட்டுட்டுத்தான் தொட முடியும்."