கவிழ்ந்த மூன்று ராஜாக்கள்

பிப்ரவரி 10, பிற்பகல் இரண்டு நாற்பது. தூத்துக்குடிக்கு வெளியே ஒரு லாரி நிறுத்தத்தில், வேப்பமர நிழலில் விரித்த தார்ப்பாயின் மேல் மூன்று ராஜாக்கள் ஒரே கையில் வந்து சேர்ந்தார்கள். கை, சிவகிரி டிரைவர் கோமதிநாயகத்துடையது.

முதலில் வந்தவன் இஸ்பேடு ராஜா. அடுத்து, சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ராஜா. மூன்றாவதாகக் கிளாவர் ராஜா நழுவி வந்து மறுபக்கம் தோளோடு தோள் நின்றபோது இஸ்பேடு ராஜாவுக்குத் தாடி சிலிர்த்துவிட்டது. அந்தச் சீட்டுக்கட்டைப் பிரித்து எட்டு மாதம் ஆகிறது. இருவர் சேர்ந்த நாள் உண்டு. மூவர் சேர்ந்தது அன்றுதான்.

மூன்று சீட்டு ஆட்டத்தில் ஒரே முகம் மூன்று விழுந்தால் எதிரே யார் இருந்தாலும் கிடுகிடுக்க வேண்டியதுதான். மூன்று ராஜாக்களை அடிக்க மூன்று ஆஸ்களால் மட்டுமே முடியும். அது எப்போதோ ஒரு முறை நடப்பது.

சீட்டுகள் பேசுவது மனிதர் காதில் விழாது. விரல் நுனியில் சூடாக ஏறும், அவ்வளவுதான். அன்று கோமதிநாயகத்தின் விரல்கள் கொதித்தன.

ஐந்து பேரில் மூன்று பேர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது கோமதிநாயகமும், எதிரே சம்மணம் போட்டிருந்த சந்தியாகுவும். தார்ப்பாய் நடுவில் தீக்குச்சிகள் குவிந்து கிடந்தன. ஒரு குச்சிக்கு ஒரு டீ. அதுவரை அது டீ ஆட்டம்தான்.

அப்போது சந்தியாகு தன் கழுத்தில் தொங்கிய பித்தளை வில்லையைக் கழற்றிக் குச்சிகளின் மேல் வைத்தார். அதில் ஒன்று என்று பொறித்திருந்தது.

வேடிக்கை பார்த்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த நிறுத்தத்தில் லாரி வரிசைக்கு வில்லைதான் எல்லாம். துறைமுக வாசல்காரர் முகத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்ப்பார். ஒன்றாம் எண் இன்னும் ஒரு மணி நேரத்தில் உள்ளே போய்ச் சரக்கு ஏற்றிவிடும். கோமதிநாயகத்தின் சட்டைப் பையில் கிடந்தது நாலாம் எண். அது மறுநாள் காலை ஏறும். அவருடைய தங்கை மகளுக்கு அதற்கும் அடுத்த நாள் காதுகுத்து. தாய்மாமன் மடி அவர் ஒருவருடையதுதான், வேறு அண்ணன் தம்பி கிடையாது. நாலாம் எண் கையில் இருந்தால் ஊர் போய்ச் சேரலாம். அதைத் தோற்றால் வரிசையின் வாலில் போய் அறுபத்தெட்டு வாங்க வேண்டும். அது இன்னும் ஏழு நாள்.

சந்தியாகுவின் சீட்டைத் திறந்து பார்க்க வேண்டுமானால் நாலாம் எண்ணைக் கீழே வைத்து ‘ஷோ’ கேட்க வேண்டும். இல்லையென்றால் கவிழ்க்க வேண்டும். வேறு வழி கிடையாது.

“வை அதை!” என்று ஆட்டின் ராஜா குதித்தான். “இன்றே புறப்படலாம். ஒரு நாள் முன்னாலேயே போய் மாமன் சீரெல்லாம் நிதானமாக வாங்கலாம். மூன்று ராஜாக்கள் இருந்தும் பயந்தால் நாம் எதற்கு? பேசாமல் ரெண்டும் மூணுமாகப் பிறந்திருக்கலாமே.”

கிளாவர் ராஜாவுக்கு வேறு கவலை. கவிழ்ந்த சீட்டை யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். எட்டு மாதம் கழித்து மூவரும் கூடியிருக்கிறோம், ஒரு கண்ணாவது நம்மைப் பார்க்க வேண்டாமா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் கிட்டத்தட்ட அழுதுவிட்டான்.

இஸ்பேடு ராஜா இருவரையும்விட அதிகமாகக் கொதித்துக்கொண்டிருந்தான். நடுவில் நிற்பவன் அவன்தான். தார்ப்பாயில் மல்லாந்து விழுவதையும், சுற்றி நிற்கும் ஆட்கள் கூவுவதையும் அவன் ஏற்கெனவே பார்த்தாயிற்று. கோமதிநாயகத்தின் கை சட்டைப் பைக்குள் போனது. வில்லை வெளியே வந்தது.

“ஒரு நிமிஷம், ராஜா,” என்றது வில்லை. “கீழே கிடப்பது என் அண்ணன். ஆறு நாளாக அந்த ஆள் கழுத்தில் தொங்கினான். அவனைக் கீழே வைத்தபோது சத்தம் கேட்டதா?”

இஸ்பேடு ராஜா யோசித்தான். சத்தம் கேட்கவில்லை.

“இங்கே எத்தனையோ பேர் என்னை எறிந்திருக்கிறார்கள்,” என்றது வில்லை. “சீட்டில் ஒன்றும் இல்லாதவன் ஓங்கி எறிவான். எதிராளி மிரள வேண்டுமே. இந்த ஆள் மெதுவாக வைத்தார். சாப்பிட உட்காரும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைப்பார்களே, அந்த மாதிரி. திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறவன்தான் அப்படி வைப்பான்.”

“அது உன் பயம்,” என்றான் ஆட்டின் ராஜா.

“பயம்தான். தோற்றால் நீங்கள் மூவரும் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவீர்கள். காதுகுத்துக்கு அடுத்த ஆட்டம் கிடையாது.”

இஸ்பேடு ராஜா எதிரே பார்த்தான். எப்போதும் சீட்டைப் பார்க்காமலேயே ஆடுவதுதான் சந்தியாகுவின் பெருமை. இன்று ஒரு முறை ஓரத்தைத் தூக்கிப் பார்த்திருந்தார். வாய் ஓயாத மனிதர், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. வாயில் வைத்த பீடியைப் பற்றவைக்கவும் இல்லை.

மூன்று ஆஸ்களா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எதிராளி கைக்குள் என்ன இருக்கிறது என்று ராஜாவுக்கு மட்டும் எப்படித் தெரியும்? தன் பலம் எவ்வளவு என்று தெரிந்தது. இழந்தால் எது திரும்பாது என்பதும் தெரிந்தது.

“இரண்டு பேரும் வாயை மூடுங்கள்,” என்றான்.

கிளாவர் ராஜா, “யாருமே பார்க்க மாட்டார்களே,” என்றான் மறுபடியும்.

“நாம் மூவரும் பார்த்தோமே. போதும்.”

சூடு இறங்கியது. கோமதிநாயகம் உள்ளங்கையிலிருந்த வில்லையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். மூன்று ராஜாக்களும் முகம் குப்புறத் தார்ப்பாயில் படுத்தார்கள்.

“என்னவே சிவகிரி, இம்புட்டு நேரம் அடைகாத்தது கூமுட்டையா?” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர் குனிந்து சீட்டைப் புரட்டப் போனார். சந்தியாகுதான் அவர் கையைத் தட்டிவிட்டார்.

“கவுந்தது கவுந்ததுதான். தொடாதீரும்.”

அவர் தன்னுடையதையும் காட்டவில்லை. கட்டோடு சேர்த்துக் கலைத்துவிட்டார். ஒன்றாம் எண்ணை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பீடியைப் பற்றவைத்தபடி லாரியைப் பார்க்கப் போனார்.

கலைத்த கட்டுக்குள் இஸ்பேடு ராஜாவின் முதுகில் வந்து ஒட்டியது டைமன் ஆஸ்.

“நீ எங்கே இருந்தாய்? அவர் கையிலா, கட்டிலா?” என்று ஆட்டின் ராஜா அங்கிருந்தே கத்தினான்.

“ஷோ கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்,” என்றது ஆஸ்.

ஆஸ் கட்டுக்குள்ளேயேதான் இருந்திருக்கும், நாம் ஏமாந்துவிட்டோம் என்று ஆட்டின் ராஜா புலம்பத் தொடங்கினான். இஸ்பேடு ராஜாவுக்கும் கேட்க ஆசைதான். ஒட்டிக்கொண்டு நிற்கும் ஆஸிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், சொன்னாலும் சொல்லிவிடும். அவன் கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டார்கள். அவன் பக்கத்தில் இந்த முறை ஒரு நாலும் ஒரு ஏழும் வந்து நின்றன.

பிப்ரவரி 12 காலை ஒன்பதே காலுக்கு, சிவகிரியில், கோமதிநாயகத்தின் மடியில் உட்காரவைத்து அவர் தங்கை மகளுக்குக் காது குத்தினார்கள்.